புதுசு முளைக்க என்ன வேணும்?

நம்ம உழவர் குழுக்களில் மாதக் கூட்டம் தவறாமல் நடக்கிறது. ஆனால் இளவட்டம் யாராவது எழுந்து, புதுசா ஒண்ணு செய்து பார்க்கலாமா என்று கேட்டால், "அதெல்லாம் சரிப்படாது தம்பி" என்று உட்கார வைத்துவிடுகிறோம். இரண்டு தடவை இப்படி ஆனால் அவர் வருவதையே நிறுத்திவிடுகிறார்.

ஓர் அமைப்புக்குள் புதுமை எப்படிப் பிழைக்கிறது? நான் வேலை பார்த்த வங்கித் துறையிலேயே ஓர் உதாரணம் உண்டு, மகளிர் சுய உதவிக் குழுக் கடன். அடமானம் வைக்க ஒன்றுமில்லாத பெண்களுக்குக் கடன் என்பது அன்றைய வங்கி நடைமுறைக்கு ஒத்துவராத பேச்சு. அது மாறியதற்கு நான்கு காரணங்கள்.

ஒன்று, வெளியே நடப்பதைக் கவனித்தது. மைராடா தொண்டு நிறுவனம் வளர்த்த குழுக்கள் தாங்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வசூலித்தன. அதைப் பார்த்த நபார்டு வங்கி 1987இல் பரிசோதனைக்கென்று பணம் ஒதுக்கியது.

இரண்டு, சின்னதாகத் தொடங்கியது. 1992இல் நாடு முழுவதற்கும் வைத்த இலக்கு வெறும் 500 குழுக்கள்.

மூன்று, எழுத்தில் அனுமதி. பதிவு செய்யாத குழுவும் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கிளை மேலாளருக்கு அதுதான் தைரியம். இல்லாவிட்டால் கடன் வாராமல் போனால் அவர் ஒருவர்தானே பதில் சொல்லணும்!

நான்கு, பாரத்தைப் பகிர்ந்தது. வங்கி கொடுத்த கடனுக்கு நபார்டு மறுநிதி தந்தது. திருப்பிக் கட்டும் பொறுப்பைக் குழுவே சேர்ந்து ஏற்றது.

இதை நம்ம குழுவுக்கும் பொருத்திப் பாருங்கள். யோசனைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நட்டம் வந்தால் தனியாக நிற்கணுமே என்ற பயம்தான் கையைக் கட்டுகிறது. ஒருவர் கருப்புக் கவுனி போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாரா? ஏற்கெனவே போட்டவர் வயலை எல்லோரும் போய்ப் பாருங்கள். பத்து சென்டில் மட்டும் போடச் சொல்லுங்கள். விளையாமல் போனால் விதைச் செலவும் உழவுக் கூலியும் குழு நிதியிலிருந்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அறுவடை முடிந்ததும் கூடுதலோ குறைவோ, கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். சரியாக வராத கணக்கும் அடுத்த ஆளுக்குச் செலவை மிச்சம் பண்ணும்.

அடுத்த கூட்டத்திலேயே இப்படி ஒருவருக்குப் பத்து சென்ட் ஒதுக்கிப் பாருங்களேன்.