ரெண்டு இணைப்பு போட்டா ஸ்பீடு டபுள் ஆகுமா? டயல்-அப் காலத்திலேயே இருக்கு பதில்!

வொர்க் ஃப்ரம் ஹோம் வந்த பிறகு சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் இரண்டு பிராட்பேண்ட் இணைப்புகள். ஒன்று போனால் இன்னொன்று கை கொடுக்கும். சரி, தலா 100 எம்பிபிஎஸ் என்றால் ரெண்டும் சேர்ந்து 200 வருமா? ஒரு பெரிய ஃபைலை டவுன்லோடு போட்டுப் பாருங்க. பெரும்பாலும் 100-லதான் நிற்கும். ஏன்? மோடம் 'கீ... கர்ர்' என்று கத்திய காலத்திலேயே இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டார்கள்.

அப்போ எப்படி இருந்தது?

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையை இந்தியாவில் தொடங்கியது. நம் மோடம், இணைய நிறுவனத்தின் எண்ணுக்கு போன் போட வேண்டும். பின்னாளில் வந்த வேகமான மோடத்துக்கே உச்சம் 56 கேபிபிஎஸ். 5 எம்பி பாட்டு இறங்க 12 நிமிடமாவது ஆகும்.

ஐ.எஸ்.டி.என். லைன் எடுத்தவர்களுக்கு 64 கேபிபிஎஸ் வேகத்தில் இரண்டு பாதைகள் கிடைத்தன. இரண்டையும் ஒட்டி 128 ஆக்கும் முறைக்கு 'மல்டிலிங்க்' என்று பெயர். பாட்டு 5 நிமிடத்தில் இறங்கிவிடும். ஆனால் போவது ரெண்டு கால். பில்லும் ரெண்டு காலுக்கு!

சிக்கல் எங்கே வந்தது?

வரும் கால்களை எடுக்க நிறுவனத்தில் 'ரிமோட் ஆக்சஸ் சர்வர்' இருக்கும். அதில் செருகும் ஒரு பி.ஆர்.ஐ. லைன் ஒரே நேரத்தில் 30 கால்களைத் தாங்கும். நம்ம நாமக்கல் முட்டை ட்ரே மாதிரிதான். 30 குழி நிரம்பினால் அடுத்த ட்ரே. வாடிக்கையாளர்கள் கூடக்கூட சர்வர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர். எந்த லைன் காலியோ, அதற்கு எக்ஸ்சேஞ்ச் காலைத் தள்ளிவிடும்.

இங்கேதான் வம்பு. உங்க முதல் கால் ஒரு சர்வருக்கும் இரண்டாவது கால் வேறொரு சர்வருக்கும் போகலாம். மல்டிலிங்க் தகவலைத் துண்டாக்கி, நம்பர் போட்டு, இரண்டு பாதையிலும் அனுப்பும். 1, 3, 5 இங்கே. 2, 4, 6 அங்கே. யாராலும் கோக்க முடியாது. வேகம் கூடாது, பில் மட்டும் கூடும்.

ஏலம் விட்டுத் தீர்த்தார்கள்!

1990-களில் சிஸ்கோ கொண்டுவந்த தீர்வு, சர்வர்களை ஒரு குழுவாக்குவது. செட்டிங் பெரிய வித்தை இல்லை:

* எல்லா சர்வரிலும் ஒரே குழுப் பெயர், ஒரே பாஸ்வேர்டு.
* ஒவ்வொன்றிலும் மற்ற சர்வர்களின் பெயர், ஐ.பி. முகவரி.
* எல்லாவற்றிலும் மல்டிலிங்க் 'ஆன்'.

இரண்டாவது கால் வந்ததும், அதை எடுத்த சர்வர் யூசர் பெயரையும் அழைக்கும் கருவியின் அடையாளத்தையும் பார்த்து, "இவரோட முதல் கால் யாருகிட்ட இருக்கு?" என்று குழுவில் கேட்கும். திருச்செங்கோடு பருத்தி ஏலம் போல ஒவ்வொரு சர்வரும் ஒரு தொகை கேட்கும். முதல் காலை வைத்திருப்பது உச்சத் தொகை கேட்டு ஜெயிக்கும். இரண்டாவது காலில் வரும் துண்டுகள் பிரிக்கப்படாமல், ஒரு டனல் வழியே அப்படியே அந்த சர்வருக்குப் போய்விடும். நம்பர் பார்த்துக் கோப்பது அதன் வேலை.

ஒரு சர்வரின் பெயர் மட்டும் பட்டியலில் விட்டுப்போனால்? கால் அங்கே விழும்போது மட்டும் இணைப்பு ஒட்டாது. "நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரலை" என்ற புகாருக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இன்றைக்கு நமக்கு என்ன?

பாதைகளை மட்டும் ஒட்டினால் போதாது. மறுமுனையில் சேர்த்துக் கோக்க ஒருவர் வேண்டும். மொபைலில் '4ஜி+' தெரியும்போது பல அலைவரிசைகளை ஒட்டுவது ஒரே நிறுவனம். அதனால் வேகம் கூடுகிறது. வீட்டில் இருக்கும் இரண்டு பிராட்பேண்டும் இரண்டு நிறுவனங்களுடையவை. கோக்க ஆளில்லை. டூயல்-வான் ரவுட்டர், வீடியோ காலை ஒன்றிலும் டவுன்லோடை இன்னொன்றிலும் விடும், நெரிசல் குறையும். ஆனால் ஒரே டவுன்லோடு ஒரே பாதையில்தான் போகும். நிஜமாகவே ஒட்ட, நடுவில் சர்வர் வைத்துக் கோக்கும் 'பாண்டிங்' சேவை தேவை.

ஆகவே, இரண்டாவது இணைப்பு ஸ்பேர் டயர் மாதிரி. வழியில் நிற்காமல் இருக்க உதவும். வண்டி வேகமாக ஓடாது. வேகம்தான் வேணும்னா, இருக்கிற இணைப்பிலேயே பெரிய பிளானுக்கு மாறுங்க.