கடிக்குமா, கடித்தால் என்ன ஆகும்?

"பிட்புல்லா? அது கொலைகார நாய்ங்க" என்பார் ஒருவர். "எங்க வீட்டுப் பிட்புல் குழந்தையோடதான் தூங்குது" என்பார் இன்னொருவர். டீ ஆறிப்போன பிறகும் இந்த வழக்கு ஓயாது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த நாய் கடிக்குமா என்பது ஒரு கேள்வி, கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஆளுக்கொன்றுக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு இனத்தின் பெயர் பெரிதாக உதவாது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விசாரித்து, அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சத்தின் மரபணுவையும் படித்த ஆய்வு ஒன்று 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நாய்க்கு நாய் மாறும் குணத்தில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம்தான். சட்டென்று சீறும் சுபாவத்துக்கும் இனத்துக்கும் இருந்த தொடர்பு அதைவிடச் சொற்பம்.

இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் ஊசியோடும் தையலோடும் போய்விடும். ஐம்பது கிலோ ராட்வீலர் பிடித்து உதறினால் பெரியவர்களே விடுவிக்கத் திணறுவார்கள். பிட்புல்லின் முன்னோர்கள் காளையோடும் நாயோடும் மோதவிட வளர்க்கப்பட்டவை. ஜப்பானின் டோசாவும் சண்டைக்காக உருவானதுதான். "எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்பவர்கள் இந்த இடத்தை மட்டும் நைசாகத் தாண்டிப் போவது எனக்கு ஒப்புதல் இல்லை.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்த 238 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வீலரும். ஆனால் பட்டியலில் குறைந்தது 25 இனங்கள் இருந்தன. ஆய்வாளர்களே ஒரு முடிச்சையும் சொன்னார்கள்: கடித்த நாய்களை எண்ணிவிடலாம், கடிக்காமல் திண்ணையில் படுத்திருக்கும் அதே இன நாய்கள் எத்தனை என்று எந்தப் பதிவேட்டிலும் சரியாக இல்லை. அது தெரியாமல் எந்த இனம் எவ்வளவு ஆபத்து என்று எப்படிக் கணக்குப் போடுவது?

சட்டத்தின் பாடு இன்னும் திண்டாட்டம். பிரிட்டன் 1991-ல் நான்கு வகைகளைத் தடைசெய்தது. பெற்றோர் எந்த இனம் என்பது அங்கே முக்கியமில்லை, தோற்றமும் அளவும்தான் தீர்மானிக்கும். அடுத்து எக்ஸ்எல் புல்லி வந்தது. 2024 பிப்ரவரி முதல் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். தரையிலிருந்து தோள்மேடு வரை டேப் வைத்துப் பார்க்கிறார்கள். ஆண் நாய்க்கு 51 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 48. அந்த உயரமும் தலை, உடல் வாகும் பொருந்தினால் மாட்டிக்கொள்ளும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று சட்டவிரோதமாகவும் மற்றது சாதுவாகவும் ஆகிவிடலாம்.

தடைசெய்யச் சொல்லி நம் மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு அனுப்பிய 23 இனப் பட்டியல் இன்னும் வேடிக்கை. டோசா இரண்டு முறை வருகிறது. 'டெரியர்கள்' என்று மொத்தமாகவும் ஒரு வரி. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சிறுமியைக் குதறின. தமிழக அரசு அதே பட்டியலைக் கையில் எடுத்துத் தடை உத்தரவு போட்டு, உடனே திரும்பப் பெற்றது. ஆனால் அந்த நாய்கள் அன்று வாய்ப்பூட்டு இல்லாமல் பூங்காவுக்குள் வந்ததுதானே விஷயம்?

2000 முதல் 2009 வரையிலான 256 அமெரிக்க மரணங்களை அலசிய வேறொரு ஆய்வும் அங்கேதான் கை காட்டுகிறது. பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. ஏறத்தாழ அதே அளவு சம்பவங்களில் கடித்த நாய்க்குக் கருத்தடையும் செய்யப்படவில்லை. நாயின் இனத்தை நம்பகமாக உறுதிசெய்ய முடிந்ததோ ஆறில் ஒரு பங்கு சம்பவங்களில்தான்.

நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லைத் தடைசெய்து பார்த்தது. கடி குறையவில்லை என்று 2008-ல் தடையை எடுத்துவிட்டது. பிரிட்டனில் விலக்குச் சான்று கேட்பவருக்கு விதிக்கும் நிபந்தனைகளோ உருப்படியானவை: கருத்தடை, மைக்ரோசிப், அடுத்தவருக்கு நேரும் காயத்துக்குக் காப்பீடு, வெளியே வந்தால் வாரும் வாய்ப்பூட்டும். இனப் பெயரைத் தூக்கிவிட்டு, இன்ன எடைக்கு மேல் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் இதையே விதித்தால் டேப்பும் வேண்டாம், 23 பெயரும் வேண்டாம்.