ஏற்றம் முதல் சப்மெர்சிபிள் வரை: கோட்டூர்புரத்தில் நம் கிணற்றைப் பார்த்தோம்

"கிணற்றடிக் கொட்டகையில் அப்பா காலத்து ஆயில் இன்ஜின் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா, வைத்திருந்தால் பயன் உண்டா?" என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் முடிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்தக் கடிதம் என் கையில் இருந்த வாரத்தில், எங்கள் வட்டாரத்து விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே பார்த்ததையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டம். மல்லாட்டை, நெல், கரும்பு எல்லாமே கிணற்றை நம்பித்தான். கண்டுணர் சுற்றுலா என்றால் ஆராய்ச்சி நிலையம், மாதிரிப் பண்ணை, மதியச் சாப்பாடு, மாலையில் கடற்கரை என்றுதான் வழக்கமாக முடியும். இந்த முறை அரை நாள் மிச்சம் இருந்தது. கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போகலாம் என்றேன். "அது இஸ்கூல் பசங்க பாக்குற எடமாச்சே சார்" என்று பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததை இப்போது பார்த்தால்தான் புரியும் என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

காந்தி மண்டபம் சாலையில் மரங்கள் அடர்ந்த வளாகம். 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கம் இதற்குள்தான் இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கத்தில்தான். இயற்பியல், மின்னணுவியலும் தகவல் தொடர்பும், எரிசக்தி, உயிரியல், போக்குவரத்து, பொருளறிவியல் என்று தனித்தனிக் கூடங்கள். வேளாண்மை என்று தனிக் கூடம் வேண்டுமென்று நான் கேட்க மாட்டேன். கிணற்றில் தண்ணீர் இறைத்தவனுக்கு இந்த ஒவ்வொரு கூடத்திலும் அவன் கிணறு தெரியும்.

அதை எனக்குக் காட்டியவர் எங்களோடு வந்த பெரியவர். எழுபதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் கவலை ஓட்டத் தொடங்கியவர். நெம்புகோல் தத்துவத்தைக் காட்டும் இடத்தில் நின்று, "இது ஏத்தம்தானே சார்" என்றார். அதேதான். நட்ட மரத்தின் மேல் குறுக்கே ஒரு நெடுமரம். ஒரு முனையில் கழியும் சாலும். மறு முனை பக்கம் ஆள் நடந்தால் சால் மேலே வரும், திரும்பி நடந்தால் உள்ளே இறங்கும். மனிதனின் உடல் எடையே எதிர் எடை. கால் இடறினால் கிணற்றுக்குள்தான். இதை அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பி இருந்த இடத்தில் கவலையைச் சொன்னார். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் சாலை இழுக்கும், வால்கயிறு தோல்வாயைத் தூக்கிப் பிடிக்கும், மேலே வந்ததும் வாய் தாழ்ந்து தண்ணீர் தானாகக் கொட்டும். தண்ணீரைக் கவிழ்க்க ஓர் ஆள் தேவையில்லை. ஒரு பிள்ளை கேட்டது: "மாடு எப்பிடி தாத்தா ரிவர்ஸ்ல வரும்?" பழக்கிய மாடு பின்காலாலேயே மேடேறும் என்றார். எங்கள் குழுவில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்த யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

தொழிற்புரட்சி என்றதும் நமக்கு ரயிலும் பஞ்சாலையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீராவி இன்ஜின் முதலில் செய்த வேலை தண்ணீர் இறைப்பது. 1712-இல் இங்கிலாந்தில் நியூகோமன் அமைத்த இன்ஜின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை வெளியேற்றத்தான் ஓடியது. பிறகு அதை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தன் இன்ஜின் எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தபோது பிறந்த அளவுதான் நம் மோட்டார் தகட்டில் இருக்கும் எச்.பி. 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றழுத்தத்தைப் பற்றிப் பேச வந்தபோதுதான் நம் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்ப் தன் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவே. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றால் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்க முடியும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பம்ப் செய்தவர்கள் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கேள்வி கலிலியோ வரை போயிற்று. அவரிடம் இருந்த டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துக் காரணத்தைக் காட்டினார். குழாயின் உராய்வு, வளைவு, ஃபுட்வால்வு எல்லாம் போக நடைமுறையில் 20 முதல் 22 அடிதான் கிடைக்கும்.

"அதனாலதான் எங்கப்பா கிணத்துக்குள்ள படி வெட்டி மோட்டார எறக்கினே போனாரா?" என்று ஒருவர் கேட்டார். அதனால்தான். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கியது. மழை பெய்து கிணறு நிரம்பினால் இரவோடு இரவாக மோட்டாரைத் தூக்க ஓடுவார்கள். சப்மெர்சிபிள் இந்தத் தொல்லையை ஒழித்தது. அது தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுவதால் 34 அடிக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. எவ்வளவு ஆழத்திலிருந்தும் எடுக்கலாம் என்று ஆனது அப்போதுதான்.

மதியம் வெளியே மர நிழலில் உட்கார்ந்தபோது சைதாப்பேட்டையைப் பற்றிச் சொன்னேன். அடையாற்றை ஒட்டி மேற்கே சிறிது தூரத்தில் இருக்கிறது. நான் படித்த கோவை வேளாண் கல்லூரியின் வேர் அங்கேதான். 1860-களில் ஆளுநர் டெனிசன் காலத்தில் அரசு அங்கே ஒரு சோதனைப் பண்ணை ஏற்படுத்தி, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கருவி, கதிரடிக்கும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் கருவி என்று கப்பலில் வரவழைத்தது. 1868-இல் வேளாண் பள்ளி. 1906-இல் அது கோயம்புத்தூருக்குப் போனது. மணல் கலந்த வளமில்லாத நிலம், நம் மாடுகளுக்குப் பொருந்தாத கனமான இரும்புக் கருவிகள். அந்த இயந்திரங்கள் ஊருக்குள் இறங்கவே இல்லை. அடுத்த தலைமுறையில், இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வேல்கர் என்ற வேதியியலாளர் 1893-இல் வெளியான அறிக்கையில், இங்குள்ள நல்ல விவசாயி இங்கிலாந்து விவசாயிக்குச் சளைத்தவன் இல்லை என்ற கருத்தை எழுதினார். நான் இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "அத எழுதறதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆளு வரணுமா?"

ஊருக்குள் இறங்கிய இயந்திரம் வேறு வழியில் வந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், புது இயந்திரத்தைக் காட்டுவதற்கு முன் ஏற்றமும் கவலையும் எவ்வளவு இறைக்கின்றன என்று அளந்து பார்த்தார். (நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்குச் சென்னையில் தொடக்கம் போட்டவரும் இவரே.) 1900-களின் முதல் ஆண்டுகளில் கிணறுகளில் ஆயில் இன்ஜினும் பம்ப்பும் வைத்துக் காட்டினார். இருப்பதை அளந்துவிட்டுப் பேசியவர் என்பதால் அவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. துறைக்கு வரும் இளம் அலுவலர்களுக்கும் இதைச் சொல்வேன்.

பிறகு மின்சாரம். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிக் கொங்குப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. 1937-இல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கோவை மோட்டார் என்றாலே ஒரு நம்பிக்கை நமக்கு ஏற்பட்ட கதை அங்கே தொடங்குகிறது. கலங்கல் கிராமத்தில் பிறந்த நாயுடு, பஸ் ஓட்டியவர், ரேசர் செய்தவர், பருத்தியிலும் பப்பாளியிலும் சோதனை செய்தவர். அவர் சேர்த்த இயந்திரங்களைக் கோவை அவிநாசி சாலையில் பார்க்கலாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் விட வேண்டாம். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. அண்ணா சாலையில் இருக்கும் சிம்சன் 1840-இல் வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கியது. அதே குழுமத்தின் டாஃபே 1960-இல் தொடங்கி, செம்பியத்தில் செய்த டிராக்டர்கள்தான் நம்மில் பலர் முதலில் ஏறி உட்கார்ந்த டிராக்டர்.

எரிசக்திக் கூடத்தில் பார்த்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். வாசகர்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சால் 150 லிட்டர், மணிக்கு 40 சால் என்று வைத்தால் ஒரு ஜோடி மாடு மணிக்கு 6,000 லிட்டர் இறைக்கும். மாட்டுக்கும் ஆளுக்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வில் கிணறு ஊறிக்கொள்ளும். 5 எச்.பி. மோட்டாரில் பாதி சக்தி வீணாவதாக வைத்தாலும் 33 அடியிலிருந்து வினாடிக்கு 18 லிட்டருக்கு மேல், மணிக்கு 67,000 லிட்டர். பதினொரு ஜோடி மாட்டின் வேலை. மோட்டாருக்கு ஓய்வு வேண்டாம். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமான பிறகு அதை நிறுத்தக் காரணமும் இல்லை. இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் சிறு விவசாயி தாக்குப்பிடிக்க மாட்டார். ஆனால் இதே கணக்கை 400 அடிக்குப் போடுங்கள். அதே 5 எச்.பி.யில் வினாடிக்கு ஒன்றரை லிட்டர்தான். மணிக்கு 5,500 லிட்டர்.

ஒருவர் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "அப்போ நான் போர் போட்டு, மோட்டார் வாங்கி, எங்க தாத்தன் மாட்ட வெச்சி எறைச்ச தண்ணிய விடக் கொறைச்சலாவா எறைக்கிறேன்?" ஆழம் 400 அடி என்றால் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே யாரும் பேசவில்லை. அவருடைய போர் 600 அடி.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பேச்செல்லாம் பண்ணைக்குட்டை, சொட்டுநீர் பற்றியே இருந்தது. இதே விஷயத்தை ஊரில் கூட்டம் போட்டு நான் பலமுறை பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் டீ வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு நெம்புகோலும் ஒரு குழாயும் கண்முன் இருந்தால் பேச்சு வேறாகிறது. ஏழு பேர் சொட்டுநீர் மானியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பேர் போடுவார்கள் என்பதைப் பட்டத்துக்குப் பிறகு சொல்கிறேன்.

இனி இன்ஜின் கேள்விக்கு வருகிறேன். முதலில் உங்கள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திறந்த கிணற்றில் அல்லது பண்ணைக்குட்டையில் 20 அடிக்குள் தண்ணீர் நிற்குமானால் இன்ஜின் இன்றும் உதவும். கரண்ட் இல்லாத நேரத்தில் நாற்றங்காலைக் காப்பாற்ற ஒரு தண்ணீர் விட அது போதும். 5 எச்.பி. இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் குடிக்கும். செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். போர்வெல் மட்டும்தான் என்றால் தண்ணீர் இறைக்க அது பயன்படாது. தீவன வெட்டும் கருவியை ஓட்டப் பயன்படுத்தலாம். ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் அசையவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கும். வலிந்து அடித்துத் திருப்ப வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பல நேரம் விட்டுக்கொடுக்கும். உள்ளே தேங்கிய டீசலை வடித்துவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட வேண்டும்.

விற்பது என்று முடிவு செய்தால் விற்கலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எடை போடுவதற்கு முன் பித்தளைத் தகட்டைத் துடைத்து, கம்பெனி பெயர், எண், எச்.பி., சுற்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுங்கள். எந்த ஆண்டு, என்ன விலைக்கு, எந்தப் பயிரை விற்ற பணத்தில் வாங்கியது என்று வீட்டில் வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கிணறு அப்போது எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பது முக்கியம். உங்கள் கிணற்றுக்கு இருக்கும் ஒரே நீர்மட்டப் பதிவு அதுவாகத்தான் இருக்கும். கவலைச் சால், உருளை, வடம் இருந்தாலும் இப்படியே செய்யுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. எங்கள் பெரியவரின் வீட்டுப் பரணில் உருளை ஒன்று இருக்கிறதாம். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன், இடம் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

கோட்டூர்புரம் போக விரும்புகிறவர்களுக்கு: பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். குழுவாக வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போனால் கோளரங்கக் காட்சிக்கும் நேரம் ஒத்துவரும். காலையிலேயே போய்விடுங்கள். நிற்க வேண்டியது நிறைய இருக்கிறது, மூட்டு வலிக்காரர்கள் இடையிடையே உட்கார்ந்து கொள்ளலாம். வீட்டுப் பிள்ளைகளையும் தாத்தாவையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். ரயில் இன்ஜின்கள் மீது ஆசை இருந்தால் ஐ.சி.எஃப். பக்கம் 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகமும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.