வெளியே புதுசு, உள்ளே மொட்டை! ஸ்போர்ட்ஸ் கார் டயர் எத்தனை நாள் தாங்கும்?

காரின் விலை கோடிக்கு மேல். ஓடுவதோ வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும். ஆனாலும் ஒன்றரை வருஷத்துக்குள் பின் டயர் இரண்டும் காலி!

டயர் மட்டமா? ரோடு மோசமா? ஓட்டுகிறவர் சரியில்லையா?

மூன்றும் இல்லை. அந்த டயரின் ஆயுளே அவ்வளவுதான். ஆனால் இதை நம்புவதற்குக் கார்க்காரர்களுக்கு மனசு வருவதில்லை. டயர் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"என்னப்பா, டயர் போட்டு ஒண்ணரை வருஷம்கூட ஆகலை. பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு. மாத்தணும்னு சொல்றியே?"

"நின்னு பார்த்தா அப்படித்தான் தெரியும் சார். கொஞ்சம் குனிஞ்சு உள்பக்கம் பாருங்க."

குனிந்து பார்த்தால்... உள் விளிம்பு மொழுமொழுவென்று மொட்டை! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உள்ளே இருக்கும் கம்பியே வெளியே எட்டிப் பார்த்திருக்கும்.

அடையாறு டு சிறுசேரி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அடையாறில் வீடு. சிறுசேரியில் ஆபீஸ். போக வர சுமார் 50 கிலோ மீட்டர். மாதம் 22 நாள் என்றால் 1,100 கிலோ மீட்டர். வருஷத்துக்கு 13,200 கிலோ மீட்டர். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய் வருவது தனி.

சாதாரண குடும்பக் காரின் டயர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 40 ஆயிரம், 50 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும். மேலே சொன்ன ஓட்டத்துக்கு மூன்று வருஷம் தாராளமாகத் தாங்கும்.

ஸ்போர்ட்ஸ் காரின் கதை வேறு. பின் டயர் 15 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் முடிந்துவிடுவது சகஜம். முன் டயர் 25 ஆயிரம், 30 ஆயிரம் வரை இழுக்கும். அதாவது பின் டயருக்கு ஒன்றே கால் வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். முன் டயருக்கு இரண்டு வருஷம். சிக்னலில் சீறிக் கிளம்புகிறவராக இருந்தால் இதுவும் கிடையாது!

பள்ளிக்கூட ரப்பர்

ஏன் இப்படி?

பள்ளிக்கூடத்தில் பென்சில் எழுத்தை அழித்தது ஞாபகம் இருக்கிறதா? மெத்தென்று இருக்கும் ரப்பர் சுத்தமாக அழிக்கும், சீக்கிரம் கரைந்துவிடும். கட்டி ரப்பர் வருஷக் கணக்கில் பையில் கிடக்கும், தாளைத்தான் கிழிக்கும்!

டயரும் அப்படித்தான். வளைவில் வண்டி வழுக்காமல், பிரேக் போட்டால் சட்டென்று நிற்க, ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதற்கு மெதுவான ரப்பர் வேண்டும். கவ்வுகிற ரப்பர் தேயும். பிடிப்பும் ஆயுளும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது.

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களில் இதற்கு ஒரு எண்ணே போட வேண்டும் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் டயருக்கு 100. குடும்பக் கார் டயருக்கு 400, 500, 600 என்றெல்லாம் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பேர் பெற்ற மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300. பந்தய மைதானத்துக்கும் போகலாம் என்று செய்த பைலட் ஸ்போர்ட் கப் 2 டயருக்கு 180. எண் இறங்க இறங்க ஆயுளும் இறங்குகிறது.

முன்னது வேறு, பின்னது வேறு

போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். இதன் இன்ஜின் பின்பக்கம் இருக்கிறது. வண்டியின் பாரத்தில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களின் தலையில். தள்ளுகிற சக்தியும் அந்தச் சக்கரங்களுக்கே போகிறது. பின் டயர் முதலில் தேயாமல் வேறென்ன செய்யும்?

இதன் 992 வகை கரேரா எஸ் மாடலுக்கு முன் டயர் 245/35, 20 அங்குலம். பின் டயர் 305/30, 21 அங்குலம். இரண்டும் வேறு வேறு அளவு. நம்ம வீட்டுக் காரில் 8 ஆயிரம், 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு நாலையும் சமமாகத் தேய வைக்கிறோமே, அந்த வழி இங்கே அடைத்துவிட்டது.

கம்பெனிக்கே இது தெரியும். மேலே சொன்ன 4எஸ் டயருக்கு மிச்செலின் அமெரிக்காவில் 30 ஆயிரம் மைல் உத்தரவாதம் கொடுத்தது. ஆனால் முன்னும் பின்னும் அளவு வேறாக இருந்தால் பின் டயருக்கு அதில் பாதிதான் என்று சேர்த்தே சொல்லிவிட்டது!

உள்பக்க ரகசியம்

சரி, உள் விளிம்பு மட்டும் ஏன் மொட்டையாகிறது?

வளைவில் வேகமாகத் திரும்பினால் கார் வெளிப்பக்கம் சாயும். அப்போதும் டயர் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக, ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரங்களை மேல்பக்கம் சற்று உள்ளே சாய்த்தே வைக்கிறார்கள். வளைவில் இது பிரமாதம். ஆனால் ராஜீவ் காந்தி சாலை நேர் ரோடு. நேராகப் போகும்போது பாரம் உள் விளிம்பின் மேலேயே விழுகிறது. கூடவே அலைன்மென்டும் கொஞ்சம் தப்பியிருந்தால் போச்சு. அரத்தால் ராவினது மாதிரி உள்பக்கம் தேயும்.

நடைபாதையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளி விளிம்பு புதுசு மாதிரி பளபளக்கும். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்றரை அங்குலம்

நம்ம ஊர் ரோட்டில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய அம்பாசடர் காருக்கு 5.90-15 டயர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்தரை அங்குல உயரத்துக்கு ரப்பரும் காற்றும். பள்ளத்தில் விழுந்தால் டயரே வாங்கிக்கொள்ளும். அந்தப் போர்ஷேயின் பின் டயருக்கு இந்த உயரம் வெறும் மூன்றரை அங்குலம்!

பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயர் நசுங்குகிறது. பக்கச் சுவரின் உள்ளே நூல் அறுந்து, வெளியே கொப்புளம் மாதிரி வீங்கும். பட்டன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் அந்த டயருக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. அதை ஒட்டவும் முடியாது; நம்பி ஓட்டவும் கூடாது.

மழை வந்தால்...

"தேஞ்சா தேயட்டும், பஞ்சர் ஆகிறவரைக்கும் ஓட்டலாம்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

டயரில் இருக்கும் பள்ளக் கோடுகள் அழகுக்கு இல்லை. ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. கோட்டின் ஆழத்தைவிடத் தண்ணீரின் ஆழம் அதிகமானால், தள்ள வழியில்லாமல் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது!

விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆராய்ச்சியாளர்கள் 1963-ல் வெளியிட்ட கணக்குப்படி, 32 பவுண்டு காற்று உள்ள டயர் சுமார் 94 கிலோ மீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே.

புது டயரில் கோட்டின் ஆழம் 7, 8 மில்லி மீட்டர். நிறையத் தண்ணீரை வாரித் தள்ளும். தேய்ந்து 2 மில்லி மீட்டருக்கு வந்த டயர் மிதக்க அதைவிடக் குறைந்த தண்ணீரே போதும். அகலமான டயருக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம் அல்லவா? ஐப்பசி அடைமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஸ்கூட்டருக்கும் உண்டு

"எங்கிட்ட இருக்கிறது ஸ்கூட்டர்தான். எனக்கு எதுக்கு இந்தக் கதை?" என்று நினைக்க வேண்டாம்.

1946-ல் திருவொற்றியூர் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயர் கம்பெனியாக வளர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனாலும் டயர் தொழிற்சாலைகள்தான். இத்தனை டயர் செய்கிற ஊரில், தன் வண்டி டயரைக் குனிந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

சட்டப்படி கார் டயரில் கோட்டின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்கூட்டர், பைக், ஆட்டோவுக்கு 0.8 மில்லி மீட்டர். அளக்கக் கருவி வேண்டாம். கோடுகளுக்குள்ளே குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். காருக்கு 3 மில்லி மீட்டர் வந்ததுமே புதுசுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

டயர் சொல்லும் ஜாதகம்

தேய்ந்த இடத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது வீல் பேலன்ஸ்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, வண்டி சூடாவதற்கு முன் காலையில் காற்றுப் பிடியுங்கள். "நைட்ரஜன் அடிச்சாச்சு, இனிமே பார்க்க வேணாம்" என்பது தப்பு. சாதாரணக் காற்றிலேயே 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான்!

ஓடாத டயருக்கும் வயசாகும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஆறு வருஷம் ஆனால் மாற்றுங்கள் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயர் வாங்கும்போது உஷார்! தேய்ந்த டயரில் கத்தியால் புதுசாகக் கோடு வெட்டித் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. கோடு ஆழமாகத் தெரியும். அடியில் ரப்பரே இருக்காது.

கையில் பணம் இல்லை, காருக்கு இரண்டு புது டயர்தான் வாங்க முடியும் என்றால் அவற்றைப் பின்னால் போடுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கோடி ரூபாய்க் காரோ, மாதத் தவணையில் வாங்கிய ஸ்கூட்டரோ, ரோட்டைத் தொடுவது டயர் ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு கார் டயரும் தொடுவது உள்ளங்கை அகலம். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி, பிள்ளைகளின் உயிர் அந்த உள்ளங்கை இடத்தில் இருக்கிறது.

இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். உள்பக்கமும் சேர்த்து!