கைமாறிய பானங்கள்

கோடையில் நாம் அருந்தும் கோலாவிற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் டில்லிக்கும் பங்குண்டு.

1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதுவரை அதனை டில்லியில் தயாரித்து வந்த பியூர் டிரிங்க்ஸ் நிறுவனத்தார் காம்பா கோலாவை உண்டாக்கினர். பம்பாய்ப் பார்லே நிறுவனத்தார் தம்ஸ் அப் பானத்தைக் கொணர்ந்தனர். பதினாறு ஆண்டுகள் சுதேசிப் பானங்களே கோலோச்சின.

1993-இல் திரும்பி வந்த கோகோ கோலா, தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் மூன்றையும் பார்லேயிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. பின்னர் என்ன நேர்ந்தது? கோல்டு ஸ்பாட் மறைந்தது. அதன் இடத்தை ஃபாண்டா பிடித்துக்கொண்டது. தம்ஸ் அப்பையும் முதலில் பின்னுக்குத் தள்ளினர். ஆனால் மக்கள் அதனையே கேட்டனர். ஆதலால் அது பிழைத்தது. 2021-இல் அதன் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரை எட்டிற்று. ஆயினும் இலாபம் போய்ச் சேருமிடம் வேறு.

நலிந்துபோன காம்பாவை 2022-இல் ரிலையன்ஸ் வாங்கி, மறு ஆண்டு மீண்டும் கடைக்குக் கொணர்ந்தது.

1916-இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க்கோ இன்றும் அக்குடும்பத்தார் வசமே உள்ளது. 2017-இல் தமிழக வணிகர்கள் அந்நியப் பானங்களை ஒதுக்கியபொழுது அதன் பொவண்டோவுக்குக் கிராக்கி பெருகிற்று.

2025 ஜூனில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபின் நரேலாவிலும் பிறவிடங்களிலும் குடியேறிய நம்மவருள் சிலர் புதிதாகக் கடை வைக்கக்கூடும். கேட்பார் இருந்தால்தான் கடைக்காரர் சரக்கு வைப்பார். முதலாளி விற்கலாம், வாங்கலாம். ஒரு பானத்தின் ஆயுள் கேட்பவர் நாவில் இருக்கிறது.