கதிர்களுக்குக் கணக்கு வைக்கும் பளிங்கு

"தம்பி, நீங்கள் மட்டும் உதைக் குத்திக்கொண்டு நிக்கிறியள். எங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லையோ?"

எக்ஸ்றே அறைக்குள் வரும் வயதானவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. யாழ் போதனா வைத்தியசாலையானாலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையானாலும் றேடியோகிராபரின் சட்டையில் தீப்பெட்டியிலும் சிறிய பிளாஸ்டிக் வில்லை ஒன்று குத்தியிருக்கும். அதைக் காப்பு என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது ஒரு கதிரைக்கூடத் தடுக்காது. அதை அணிந்தவர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்ற கணக்கை வைத்திருப்பதே அதன் வேலை. மின்கலமோ கணக்கைக் காட்டும் எண்ணோ அதில் இல்லை. கணக்கு முழுவதும் உள்ளே இருக்கும் நகக்கண்ணளவு பளிங்குத் துண்டில் இருக்கிறது.

அந்தப் பளிங்கு பெரும்பாலும் இலிதியம் புளோரைட்டு. கதிரை உறிஞ்சும் விதத்தில் அது மனிதத் தசைக்கு மிக நெருங்கியது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி மையம் டிஸ்புரோசியம் கலந்த கல்சியம் சல்பேற்றைப் பயன்படுத்துகிறது. எதுவானாலும் பளிங்கு தூய்மையாக இருந்தால் பயனில்லை. இலிதியம் புளோரைட்டில் துளியளவு மக்னீசியமும் தைத்தானியமும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அந்தக் கலப்படம்தான் பளிங்குக்குள் பள்ளங்களை உண்டாக்குகிறது.

தோட்டவெளியில் ஓர் ஆட்டுக்கொட்டிலை நினைத்துப் பாருங்கள். திறந்த படலையால் நாயொன்று பாய்ந்து வருகிறது. அதுதான் எக்ஸ்றே கதிர். ஆடுகள், அதாவது இலத்திரன்கள், நாலாபக்கமும் சிதறி ஓடுகின்றன. பெரும்பாலானவை சற்று நேரத்தில் கொட்டிலுக்குத் திரும்பிவிடும். சில ஆடுகள் தோட்டத்துத் துரவிலோ கிணற்றிலோ, அதாவது அந்தப் பள்ளங்களில், விழுந்துவிடும். ஆழமில்லாத துரவில் விழுந்தது தானாக எம்பி வெளியே வரும். அதற்கு யாழ்ப்பாணத்துக் காண்டாவன வெயிலின் சூடே போதும். ஆழக் கிணற்றில் விழுந்தது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். யாராவது கயிறு விட்டுத் தூக்கினால்தான் உண்டு. அந்தக் கயிறு 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம். கிணற்றுக் கட்டுக்கு வந்ததும் ஆடு ஒருமுறை கத்திவிட்டுக் கொட்டிலுக்கு ஓடும். பளிங்கில் அந்தக் கத்தல் ஒரு சிறு ஒளி. ஒளியை நுண்கருவி எண்ணுகிறது. எத்தனை கத்தல் என்று தெரிந்தால் எத்தனை ஆடு விழுந்தது என்பதும், எத்தனை நாய் வந்து போனது என்பதும் தெரிந்துவிடும்.

துரவு ஆடுகள் கணக்கைக் குழப்பும் என்பதால், வாசிக்கும் முன் பளிங்கை இலேசாகச் சூடாக்கி அவற்றை விரட்டிவிடுவார்கள். கிணறுகள் காலியானதும் அதே பளிங்கைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா ஆடும் வீடு போன பிறகு யாராலும் மறுபடி எண்ண முடியாது. வாசிப்பதே அழிப்பதும். அந்த ஒரு தடவையில் பிழை நேர்ந்தால் ஓர் ஊழியரின் பல வாரக் கணக்குப் போய்விடும்.

சூடாக்கினால் வைரம் ஒளிரும் என்பதை 1663இல் றொபேட் பொயில் கண்டார். 1950களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பரிங்டன் டேனியல்ஸ் அதைக் கதிர் அளக்கும் வழியாக்கினார். வரலாறு இந்த அளவு போதும். தொல்லியல் தலமான கந்தரோடையின் மண்ணில் கிடைக்கும் பழைய பானை ஓட்டிலும் இதே கணக்கு ஓடுகிறது என்பது அதைவிடச் சுவையானது. சூளை நெருப்பு ஓட்டின் பள்ளங்களை ஒருமுறை காலியாக்கியது. அன்றுமுதல் மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு அவற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இலங்கையில் இந்த வில்லைகளை வாசிக்கும் சேவையைக் கொழும்பு ஒருகொடவத்தையில் உள்ள அணுசக்திச் சபை நடத்துகிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் தனியான ஓர் ஒழுங்குபடுத்தும் பேரவையின் பொறுப்பு. யாழ்ப்பாணத்து வில்லை அங்கே போய்ச்சேர ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். வழியில் படும் இயற்கைக் கதிரும் பளிங்கில் பதியும். எக்ஸ்றே அறைக்கு எட்ட வைத்து, கூடவே அனுப்பும் கட்டுப்பாட்டு வில்லையைக் கொண்டு அதைக் கழித்துவிடலாம்.

கழிக்க முடியாதது மனிதப் பழக்கம். ஈயக் கவசத்தோடு சேர்த்து வில்லையையும் எக்ஸ்றே அறைக்குள்ளேயே கொழுவிவிட்டுப் போனால், அது ஆளில்லாத சுவருக்குக் கணக்கு எழுதும். மேசை இழுப்பறையில் கிடந்தால் கணக்கு வெறுமையாகவே வரும். பணி நெருக்கடி மிகுந்த பிரிவொன்றில் எல்லா வில்லைகளும் எப்போதும் வெறுமையாக வந்தால் அதை நல்ல செய்தி என்று கொண்டாடக்கூடாது. அதை விசாரிக்க வேண்டும்.

ஊழியருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (உடலில் படும் கதிர் அளவின் அலகு) என்பது எல்லை. அவர்மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர். வாட்டில் நடமாடும் எக்ஸ்றே இயந்திரம் இயங்கும்போது ஒரு மீற்றரில் நிற்பவர் இரண்டு மீற்றருக்கு விலகினால் அது கால்வாசியாகிவிடும்.

இனி, தங்களுக்குப் பாதுகாப்பு இல்லையா என்ற அந்தப் பெரியவர்களின் கேள்வி. நோயாளிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. எல்லை வைத்தால் மூளைக்குள் இரத்தக் கசிவு உள்ளவருக்கு 'உங்கள் பங்கு முடிந்தது' என்று சொல்ல வேண்டி வரும். நோயாளிக்குக் காப்பு, படம் தேவையா என்று வைத்தியர் எடுக்கும் முடிவுதான். நெஞ்சு எக்ஸ்றே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லிசீவேட், மூன்று நாளில் இயற்கையில் நம்மேல் படுவதற்குச் சமம். நெஞ்சு சி.ரி. ஸ்கான் ஏறத்தாழ 7. அது மூன்று வருட இயற்கைப் பங்கை நெருங்கும். இரண்டையும் ஒரே பயத்தோடு பார்ப்பதும் தவறு, 'எதுக்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பாப்பம்' என்று தாமாகக் கேட்பதும் தவறு. இயந்திரம் நின்றதும் எக்ஸ்றே கதிர் உடலில் தங்குவதில்லை. ஆகவே அதை 'வெளியேற்றும்' மருந்து எதுவும் தேவையில்லை.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கப்படும் பதக்கங்களுக்கும் காசு கொடுக்காதீர்கள். அத்தகைய பத்துப் பொருட்கள் தாமே கதிர்வீச்சை உமிழ்வதாக 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது.

செய்ய வேண்டியவை எளியவை. கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தால், படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே, ஸ்கான் படங்களையும் அறிக்கைகளையும் எறியாமல் வைத்திருங்கள். தெல்லிப்பளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாற்றி அனுப்பும்போது அவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய படம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதே ஸ்கானை மறுபடி எடுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.