சர்வர் லாகில் வரும் எச்சரிக்கைகள்: எதற்குப் பயப்படலாம்?

பெஹாலாவில் உள்ள ஒரு மொத்த மருந்து விற்பனைக் கடையின் கணிப்பொறிகளை நான் பராமரித்து வருகிறேன். பில், இருப்பு எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் உள்ளன. அது தன் சமாசாரங்களை லாக் என்னும் கோப்பில் தேதி, நேரத்துடன் எழுதிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக் கலங்கும் அன்பர்களுக்காகச் சில விளக்கங்கள்.

இரவு கடை மூடும்போது பில் புரோகிராமிலிருந்து முறையாக வெளியேறாமல் கணிப்பொறியை அணைப்பார்கள். உடனே, 'தகவல் பெற இயலவில்லை, இணைப்பு முறிந்தது' என்று லாகில் வரும். இதனால் கெடுதல் இல்லை. பாதியில் நின்ற பில் மட்டும் ரத்தாகும்.

பூஜைக்கு முன் விற்பனை கூடும் நாட்களில், 'செக்பாயிண்ட் அடிக்கடி நடக்கிறது' என்று வரலாம். எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். தினமும் வந்தால் 'மேக்ஸ் வால் சைஸ்' என்ற அளவைக் கூட்ட வேண்டும். வழக்கமாக அது 1 ஜிபி.

பாஸ்வேர்டைத் தவறாக அடித்தால் 'ஃபேட்டல்' என்று வரும். பெயர்தான் பயங்கரம். அந்த ஓர் இணைப்பு மட்டுமே முடிந்தது என்று பொருள். ஆனால் தெரியாத முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் விசாரிக்க வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது 'வார்னிங்' என்று சாதுவாக வரும் ஒன்று: 'இத்தனை பரிவர்த்தனைகளுக்குள் வாக்யூம் செய்யவும்'. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போஸ்ட்கிரெஸ் ஓர் எண் தருகிறது. பழைய எண்களை வாக்யூம் என்ற துப்புரவு வேலை விடுவிக்காவிட்டால், சுமார் 200 கோடியோடு எண்கள் தீரும். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல், 4 கோடி எண்கள் மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை தொடங்கும். 30 லட்சத்துக்குக் கீழே போனால் புதிய எண் தர மறுக்கும். அதாவது பழைய பில்லைப் பார்க்கலாம், புதிய பில் போட முடியாது. சென்ட்ரி நிறுவனம் 2015 ஜூலையிலும், மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை 2019 பிப்ரவரியிலும் இந்த எண் சிக்கலால்தான் முடங்கின.

தொந்தரவு தாங்காமல் சிலர், 'எரர் வகைக்குக் கீழே எழுதாதே' என்று அமைத்துவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணைப்பு முறிந்த செய்தியும் செக்பாயிண்ட் செய்தியும் 'லாக்' என்ற வகையைச் சேர்ந்தவை. போஸ்ட்கிரெஸின் வரிசையில் அந்த வகை எரருக்கும் மேலே இருப்பதால் அவை தொடர்ந்து வரும். மறைவது வாக்யூம் எச்சரிக்கைதான்!

ஆகவே வாயை அடைக்காமல் காரணத்தைக் களைவதே நல்லது. கடை ஊழியர்களுக்கு முறையாக வெளியேறக் கற்றுக்கொடுங்கள். கெடுதலற்ற செய்திகளைக் காரணத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நோட்டில் இல்லாத புதுச் செய்தி வந்தால், அன்றே படித்துப் பாருங்கள். வாக்யூம் எச்சரிக்கை வந்தால், நெடுநேரம் முடியாமல் நிற்கும் பரிவர்த்தனையை முடித்துவிட்டு அந்த டேட்டாபேஸில் வாக்யூம் ஓட்டுங்கள்.